வீக்கம் வடிந்தால் போதுமா? ஒற்றைக் காலில் நில்லுங்கள்!

"ஐயோ! கால் பிரண்டு விட்டதே!"

இந்தக் குரல் கேட்காத வீடு உண்டா?

வரப்பில் நடக்கும்போது கால் பிரளும். பஸ்சில் இருந்து இறங்கும்போது பிரளும். கபடி ஆடும்போது பிரளும். மேடு பள்ளம் ஒன்றுமே இல்லாத வாசற்படியில்கூடப் பிரளும்.

உடனே நாம் என்ன செய்கிறோம்?

எண்ணெய் தேய்க்கிறோம். பற்றுப் போடுகிறோம். நாலு நாள் நொண்டுகிறோம். வீக்கம் வடிகிறது. "சரியாகி விட்டது" என்று எழுந்து வேலைக்குப் போகிறோம்.

இங்கேதான் தவறு நடக்கிறது. வடிந்தது வீக்கம்தான். கால் இன்னும் குணம் ஆகவில்லை!

சுளுக்கு வைத்தியத்தில் இரண்டு பாகம் உண்டு. வலியைப் போக்குவது முதல் பாகம். கால் மறுபடியும் பிரளாமல் அதைப் பழக்குவது இரண்டாம் பாகம். முதல் பாகத்தை எல்லாரும் செய்கிறோம். இரண்டாம் பாகத்தைச் செய்பவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம்.

அதனால் என்ன கெட்டுப் போகும் என்று கேட்கிறீர்களா? என் அக்காவின் கதையைக் கேளுங்கள்.

மூன்று தடவை

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் ரோட்டில் இருக்கிறது, சாணார்பட்டி. தொலைவில் சிறுமலை தெரியும். சுற்றிலும் மாந்தோப்பு, புளிய மரம், பூந்தோட்டம். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்தோம்.

அக்காவுக்குப் பூப் பறிக்கும் வேலை. விடியும் முன்பே தோட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் இருட்டில், வரப்பில் கால் பிரண்டது. கணுக்கால் பூசணிப் பிஞ்சு போல வீங்கியது. எண்ணெய் போட்டு உருவினார்கள். புளிப்பற்றுப் போட்டார்கள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது.

"வீக்கம் போயிருச்சு, தம்பி. இனி என்ன?" என்றாள். நானும் "சரி, அக்கா" என்று சொல்லி விட்டேன்.

ஐந்து வாரம் கழித்து, பஸ்சில் இருந்து இறங்கும்போது அதே கால் பிரண்டது. மறுபடியும் எண்ணெய், மறுபடியும் பற்று.

மூன்றாவது தடவை ஐப்பசி மழை. இடுப்பில் தண்ணீர்க் குடம். சேறுகூட இல்லாத இடத்தில் கால் மடங்கியது. கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது!

மாவுக்கட்டு ஆறு வாரம். கூலி போயிற்று. அடுப்புப் பற்ற வைக்க ஆள் இல்லை. எட்டாம் வகுப்புப் படித்த மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், வீட்டில் உலை வைத்தாள்.

பிரண்டது தாயின் கால். நின்றது மகளின் படிப்பு! "சுளுக்குத்தானே" என்று அலட்சியமாகப் பேசுபவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

கணுக்காலில் எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில், அவற்றைக் கட்டி வைத்திருக்கும் நார் இருக்கிறது. இதை நாம் "ஜவ்வு" என்கிறோம். பந்தல் காலைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுகிறோம் அல்லவா? அது போலத்தான்.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் இப்படி மூன்று ஜவ்வுகள் உண்டு. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது இவை இழுபடுகின்றன. முன்னால் இருக்கும் ஜவ்வுதான் பெரும்பாலும் முதலில் அடி வாங்கும்.

கால் பெரும்பாலும் உள்பக்கமாகவே மடங்குவது ஏன்? வெளிப்பக்கத்து எலும்பு சற்றுக் கீழே வரை இறங்கி, பாதம் வெளியே சாயாமல் தடுக்கிறது. உள்பக்கத்து ஜவ்வும் அகலமானது, பலமானது. ஆகவே பாதம் உள்பக்கமாகச் சாய்வதே எளிது.

ஜவ்வு இழுபட்டதோடு நின்றால் அது சிறு சுளுக்கு. கொஞ்சம் கிழிந்தால் நடுத்தரம். முழுதும் அறுந்தால் பெரும் சுளுக்கு. சிறு சுளுக்கில் ஒன்று முதல் மூன்று வாரத்தில் நடமாட்டம் திரும்பி விடும். பெரும் சுளுக்குக்குப் பல மாதம் ஆகும்.

ஒன்றை ஞாபகம் வையுங்கள். வலி முதலில் போகும். வீக்கம் பிறகு வடியும். ஜவ்வுக்குப் பழைய பலம் வருவது அதற்கும் வெகு நாளைக்குப் பிறகு!

பாதத்துக்கும் கண் உண்டு

கண்ணை மூடிக் கொள்ளுங்கள். உங்கள் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல முடியுமா? முடியும். பார்க்காமலே எப்படித் தெரிந்தது?

ஜவ்விலும் தசையிலும் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. "பாதம் சாய்கிறது! தரை மேடாக இருக்கிறது!" என்று அவை மூளைக்குத் தகவல் அனுப்பியபடி இருக்கின்றன. உடனே தசை இறுகி, காலை நேராக்கி விடுகிறது. நமக்குத் தெரியாமலே ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நாம் விழாமல் தப்பிக்கிறோம்.

சுளுக்கில் ஜவ்வு கிழியும்போது இந்தக் காவலும் கெடுகிறது. தகவல் தாமதமாகப் போகிறது. தசை விழிப்பதற்குள் கால் மடங்கி விடுகிறது!

இதை 1965-ம் ஆண்டிலேயே லண்டன் டாக்டர் ஒருவர் எடுத்துச் சொன்னார். அவர் பெயர் ஃப்ரீமன். சுளுக்கு வந்தவர்களின் கால் மறுபடியும் மறுபடியும் "நழுவுவது" ஏன் என்று அவர் ஆராய்ந்தார். ஜவ்வு தளர்ந்தது மட்டும் காரணம் அல்ல, நிலை அறியும் உணர்வு கெட்டதும் காரணம் என்றார். ஆடும் பலகையில் நின்று பழகினால் இந்த நழுவல் குறைகிறது என்றும் காட்டினார்.

அதன் பிறகு அறுபது ஆண்டு ஓடி விட்டது. நம் வீடுகளுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை!

உருவி விடலாமா?

நம் ஊரில் சுளுக்குக்குக் கைவைத்தியம் பல உண்டு. நல்லெண்ணெய் தடவி உருவுவார்கள். புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவார்கள். நொச்சி இலை ஒத்தடம் கொடுப்பார்கள். பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்த ஆளைத் தேடிப் பிடித்து, அவர் காலால் நீவி விடச் சொல்வார்கள்.

இவர்களை நான் கேலி செய்யவில்லை. டாக்டர் இல்லாத காலத்தில் வலியில் துடித்தவருக்கு ஆறுதல் கொடுத்தவர்கள் இவர்கள்தான். காசு வாங்காமல் கை கொடுத்தவர்களும் உண்டு.

ஆனால், முதல் மூன்று நாள் உருவக் கூடாது. சூடும் கூடாது. ஏன்? உள்ளே ஜவ்வு கிழிந்து ரத்தம் கசிந்து கொண்டு இருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் கசிவு அதிகம் ஆகும், வீக்கமும் ஏறும். எலும்பில் கீறல் இருந்தாலோ ஆபத்து. "மடக்" என்று இழுத்து எடுப்பது அதைவிட ஆபத்து.

நாள் கழித்து, வலி குறைந்த பிறகு, இதமாக எண்ணெய் தடவுவதில் பெரிய தீங்கு இல்லை. ஆனால், எந்த எண்ணெயும் காலுக்கு நிற்கக் கற்றுக் கொடுக்காது!

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து இருக்கலாம். வெந்நீர் ஒத்தடம் சுடுவது தெரியாமல், தோல் வெந்து புண் ஆகி விடும். ஆகவே ஒத்தடமே வேண்டாம். வலி இல்லாமல் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால் சுளுக்கு என்று இருந்து விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

முதல் மூன்று நாள்

கால் பிரண்டதும் செய்ய வேண்டியவை இவை:

ஆட்டத்தை, நடையை அங்கேயே நிறுத்துங்கள். "நடந்தால் சரியாகி விடும்" என்று வீம்பு பண்ணாதீர்கள்.

உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருந்தால் நல்லது. வீக்கம் குறையும்.

ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி வையுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் போதும். வலி மரத்துப் போகும். ஐஸ் கட்டியை வெறும் தோலில் வைக்காதீர்கள்.

மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் கிடைக்கும். இழுபடும் துணிக்கட்டு அது. விரல் பக்கம் தொடங்கி மேலே சுற்றுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். உடனே தளர்த்துங்கள்.

வலி தாங்கும் அளவுக்கு, கம்பு ஊன்றி மெல்ல நடக்கலாம். மாதக் கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டியது இல்லை.

இந்தக் கடைசி விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும். 1978-ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர், "ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்துதல்" என்று நான்கு கட்டளை சொன்னார். உலகமே அதைப் பிடித்துக் கொண்டது. பின்னாளில் அவரே, முழு ஓய்வும் ஓயாத ஐசும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று கருத்தை மாற்றிக் கொண்டார். இன்றைய டாக்டர்கள் சொல்வது: சில நாள் காப்பாற்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பழகு.

நாலு அடி சோதனை

சுளுக்கா, எலும்பு முறிவா? வீட்டில் எப்படித் தெரிந்து கொள்வது?

கனடா நாட்டு டாக்டர்கள் இதற்கு 1992-ல் ஓர் எளிய வழி வகுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் இது நடைமுறையில் இருக்கிறது.

நொண்டியாவது நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பின் பின்புறத்தையும் நுனியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் துருத்திக் கொண்டு இருக்கும் எலும்பையும், உள் ஓரத்தில் குழிவுக்கு மேலே இருக்கும் எலும்பையும் அழுத்திப் பாருங்கள்.

நாலு அடி வைக்க முடியாவிட்டாலும், எலும்பின்மேல் தொட்டதும் உயிர் போகிற மாதிரி வலித்தாலும், எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும். கால் கோணிக் கொண்டு இருந்தாலோ, பாதம் சில்லிட்டு மரத்துப் போனாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சி முனை, ஜவ்வைவிட மென்மையானது. பெரியவருக்கு ஜவ்வு கிழியும் இடத்தில், பிள்ளைக்கு எலும்பில் அடிபடலாம். வயதானவர்களுக்கும் எலும்பு பலம் குறைந்து இருக்கும். இவர்களுக்கு "சுளுக்குத்தான்" என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பாண்டியா கற்றுத் தந்த பாடம்

"இதெல்லாம் எளியவர்களுக்கு வருவது. வசதி இருந்தால் சீக்கிரம் குணமாகி விடும்" என்று நினைக்கிறீர்களா?

2023 அக்டோபர் 19-ந் தேதி. புனேயில் உலகக் கோப்பை கிரிக்கெட். இந்தியாவும் வங்காளதேசமும் ஆடின. ஹர்திக் பாண்டியா தன் முதல் ஓவரை வீசினார். வேகமாக வந்த பந்தைக் காலால் தடுக்கப் பார்த்தார். இடது கணுக்கால் மடங்கிக் கீழே விழுந்தார். மூன்று பந்து போட்டதோடு வெளியே போனார். மிச்சம் மூன்று பந்தை விராட் கோலி போட்டார்.

இந்திய அணியில் டாக்டருக்குப் பஞ்சமா? பயிற்சியாளருக்குப் பஞ்சமா? ஆனாலும் பாண்டியா அந்தப் போட்டிக்குத் திரும்ப முடியவில்லை. நவம்பர் 4-ந் தேதி அவருக்குப் பதில் வேறு ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் மறுபடி மைதானத்தில் இறங்கியது 2024 பிப்ரவரி மாதக் கடைசியில்!

சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று அவசரப்பட்டதால் காயம் முற்றி, மூன்று மாதக் காயம் ஆகி விட்டது என்று பின்னர் அவரே சொன்னார்.

பொறுமையாகத் தேறிய பிறகு என்ன நடந்தது? 2024 ஜூன் 29-ந் தேதி, பார்படாசில் 20 ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் தென் ஆப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவை. அந்த ஓவரை வீசியவர் பாண்டியா! இந்தியா 7 ரன்னில் வென்றது.

கோடி கொடுத்தாலும் ஜவ்வு அவசரப்படாது. அதற்குப் பணக்காரனும் ஒன்றுதான், பூப் பறிப்பவளும் ஒன்றுதான்.

கால் எழுதட்டும், அ ஆ!

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருவோம். இதற்குச் செலவு இல்லை. கருவி இல்லை. ஒரு சுவரும், ஒரு நாற்காலியும், ஒரு பழைய சைக்கிள் டியூபும் போதும்.

முதல் படி: மூன்று நாள் கழிந்து வலி சற்றுத் தணிந்ததும், நாற்காலியில் உட்காருங்கள். காலைத் தூக்கிக் கொள்ளுங்கள். பெருவிரலைப் பேனாவாக நினைத்து, காற்றில் அ, ஆ, இ, ஈ என்று எழுதுங்கள். உயிர் எழுத்துப் பன்னிரண்டும் எழுதி முடித்தால், கணுக்கால் எல்லாத் திசையிலும் அசைந்து இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவை எழுதுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டி, பேரனோடு சேர்ந்து எழுதலாம். கையெழுத்து அழகாக இருக்க வேண்டியது இல்லை!

இரண்டாம் படி: சைக்கிள் டியூபை மேசைக் காலில் கட்டி, பாதத்தில் மாட்டிக் கொள்ளுங்கள். பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளி, மெல்லத் திரும்ப விடுங்கள். பத்துப் பத்தாக இரண்டு, மூன்று தடவை. பிறகு சுவரைப் பிடித்துக் கொண்டு, குதிகாலைத் தூக்கி முன் பாதத்தில் நின்று, மெல்ல இறங்குங்கள். இதுவும் பத்துப் பத்தாக.

மூன்றாம் படி: இதுதான் முக்கியம். சுவர் ஓரமாக, அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். முதலில் பத்து விநாடி. பிறகு முப்பது விநாடி. அது எளிதானதும், மடித்த சாக்கின் மேல் நில்லுங்கள். அதுவும் எளிதானதும், கண்ணை மூடி நில்லுங்கள். ஆட்டம் காணும். பயப்பட வேண்டாம். அந்த ஆட்டம்தான் பாடம்! ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நரம்பு தகவல் சொல்கிறது. தசை விழித்துக் கொள்கிறது. சுவரில் கை எட்டும் தூரத்தில் நின்று கொள்ளுங்கள். வயதானவர்கள் கண்ணை மூட வேண்டாம்.

நான்காம் படி: வேகமாக நடப்பது. பிறகு ஓடுவது. பிறகு எட்டுப் போட்டு ஓடுவது. கடைசியில் நொண்டி அடிப்பது. பெண் பிள்ளைகள் கட்டம் போட்டு, ஒற்றைக் காலில் தாவி ஆடுவார்களே, பாண்டி ஆட்டம்! சில ஊரில் சில்லு என்பார்கள். சுளுக்குக் காலுக்குக் கடைசிப் பரீட்சை அதுதான். நல்ல காலில் எத்தனை தாவல் வலியும் தடுமாற்றமும் இல்லாமல் தாவ முடிகிறதோ, அடிபட்ட காலிலும் அத்தனை தாவ வேண்டும். அது வரையில் கபடிக் களத்தில் இறங்காதீர்கள்.

எந்தப் படியிலும் வலி கூடினால் ஒரு படி கீழே இறங்குங்கள். மொத்தம் எட்டு வாரம் விடாமல் செய்யுங்கள். ஆறு வாரம் ஆகியும் கால் தேறவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

522 பேர் சாட்சி

"ஒற்றைக் காலில் நின்றால் சுளுக்கு வராதா? நம்பும்படியாக இல்லையே!" என்பீர்கள்.

நெதர்லாந்து நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2009-ம் ஆண்டு வெளியாயிற்று. புதிதாகச் சுளுக்கு ஏற்பட்ட 522 விளையாட்டு ஆட்களைச் சேர்த்தார்கள். 12 வயதுப் பிள்ளை முதல் 70 வயதுப் பெரியவர் வரை அதில் இருந்தார்கள். எல்லாரும் வழக்கமான சிகிச்சை பெற்றார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக, வீட்டிலேயே செய்யும் எட்டு வாரச் சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள்.

ஒரு வருடம் கவனித்தார்கள். பயிற்சி செய்யாதவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு மறுபடியும் சுளுக்கு. பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 22 பேருக்குத்தான்!

சுளுக்கே வராது என்று நான் சொல்லவில்லை. மூன்று பேர் விழும் இடத்தில் ஒருவரைக் காப்பாற்றுகிறது. காசு செலவு இல்லாமல் இவ்வளவு பலன் தருவது வேறு என்ன இருக்கிறது? அந்த ஒருவர் உங்கள் வீட்டுத் தாயாக இருந்தால்?

யார் சொல்லிக் கொடுப்பது?

கால் பிரளுவதைத் தலைவிதி என்று விட்டு விடக் கூடாது. இது பழக்கத்தால் தடுக்கக் கூடியது. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டியவர்கள் நாலு பேர்.

முதலில், பள்ளிக்கூடம். விளையாட்டு வகுப்பில் ஐந்து நிமிடம் பிள்ளைகளை ஒற்றைக் காலில் நிற்க வைத்தால் போதும். தண்டனையாக அல்ல, விளையாட்டாக! கண்ணை மூடி அதிக நேரம் நிற்பவருக்குக் கை தட்டுங்கள்.

இரண்டாவது, கபடிக் குழுவும் மாடுபிடி வீரர்களும். கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. பாடிப் போனவர் திடீரென்று திரும்பும்போது, அவ்வளவு பாரமும் ஒரு கணுக்காலில் விழுகிறது. கொசவபட்டி, தவசிமடை வாடிவாசல்களிலும் காளைக்கு விலகித் தாவும் காலுக்கு அதே கதிதான். ஒரு தடவை சுளுக்கிய ஆட்டக்காரர், ஆட்டத்தின்போது கணுக்கால் உறை அணிவது நல்லது. மறுபடியும் பிரளுவதை அது குறைக்கிறது. "வலியோடு ஆடுபவன்தான் வீரன்" என்று முதுகில் தட்டுவதைப் பெரியவர்கள் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் ஒரு சுளுக்குத்தான் அடுத்த சுளுக்குக்குத் தாய்.

மூன்றாவது, பாத யாத்திரைக் குழுக்கள். தைப்பூசத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். தார் ரோட்டின் ஓரம் மண்ணில் இறங்கும் இடத்தில், இருட்டில் கால் பிரளுகிறது. விரதம் தொடங்கும் நாளிலேயே காலைப் பழக்கவும் தொடங்கலாமே! இரவில் கையில் டார்ச் விளக்கு இருக்கட்டும். ஏற்கனவே சுளுக்கியவர் அந்தக் காலுக்கு உறை போட்டுக் கொள்ளட்டும். முருகனிடம் போய்ச் சேர வேண்டியது நாம்தானே!

நான்காவது, வைத்தியம் பார்ப்பவர்கள். கட்டுப் போட்டு மாத்திரை கொடுப்பதோடு நிறுத்தாமல், "வீக்கம் வடிந்த பிறகு இதைச் செய்" என்று இரண்டு நிமிடம் சொல்லி அனுப்ப வேண்டும். சுளுக்கு எடுக்கும் பெரியவர்களும் இதைச் சொல்லலாம். அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

நீங்களும் கேட்டு வாங்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், "பயிற்சி என்ன செய்ய வேண்டும், டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ந் தேதி திறக்கப்பட்டது. வழி இருக்கிறது. கேட்பவர்தான் வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

"அடுப்பு வேலையை யார் பார்ப்பது? காலைத் தலையணையில் வைத்துப் படுக்க எங்களுக்கு ஏது நேரம்?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான்.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டு ஆண்கள். மூன்று நாள் தண்ணீர் நீங்கள் தூக்குங்கள். மூன்று நாள் உலை நீங்கள் வையுங்கள். மூன்று நாள் உதவி செய்யாத வீடு, பிறகு ஆறு வாரம் தவிக்கும். என் அக்கா வீட்டில் நடந்தது அதுதான். அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. "சரி, அக்கா" என்று சொன்னவன் நான்தானே!

அதற்குப் பிறகு அக்காவுக்குத் தனியாக நேரமும் வேண்டியிருக்கவில்லை. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்று ஒரு பிசியோதெரபி டாக்டர் சொல்லிக் கொடுத்தார். துலக்கும் நேரத்தில் பாதி இந்தக் கால், பாதி அந்தக் கால். அவ்வளவுதான்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு அக்கா தினமும் அதைச் செய்தாள். முதல் நாள் ஐந்து எண்ணுவதற்குள் சாய்ந்தாள். மகள் சிரித்தாள். இரண்டு மாதத்தில், சாக்கின் மேல் நின்று முப்பது எண்ணினாள். அதற்குப் பிறகு அந்தக் கால் இதுவரை பிரளவில்லை. மகளும் பள்ளிக்கூடம் போகிறாள்.

போன மாதம் நான் ஊருக்குப் போனபோது விடியற்காலம். கிணற்றடியில் அக்கா நின்றாள், ஒற்றைக் காலில். பக்கத்தில் மகள், சீருடையோடு எண்ணிக் கொண்டு இருந்தாள்.

"இருபத்தெட்டு... இருபத்தொன்பது... அம்மா, கால் ஆடுது!"

"ஆடட்டும்டி. நீ எண்ணு!" என்றாள் அக்கா.

பிடிவாதக்காரரைப் பார்த்து, "ஒற்றைக் காலில் நிற்கிறார்" என்று நாம் குறை சொல்வோம். இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பிடிவாதம் நல்லது.

நாளைக் காலையில் பல் துலக்கும்போது, நீங்களும் ஒற்றைக் காலில் நில்லுங்கள்!